அடியாத மாடு எப்படிப் படிந்தது?

"அடியாத மாடு படியாது" என்பது ஏர் ஓட்டியவர் சொன்ன சொல். கொங்கு நாட்டில் ஏர் ஓட்டுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அந்தப் பழமொழி மட்டும் குறையாமல் பள்ளிக்கூட வாசலுக்குக் குடிமாறிவிட்டது. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுப் போடுங்க சார்" என்று பிள்ளையை ஒப்படைக்கிற தகப்பனை யாரும் கொடுமைக்காரனாகப் பார்ப்பதில்லை. பொறுப்பானவன் என்றே பார்க்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் முழுதான ஒரு கற்றல் கோட்பாடு இருக்கிறது. பிள்ளை தானாகப் படிக்காது. பின்னால் ஒரு பயமும் முன்னால் ஒரு பரிசும் இருந்தால்தான் படிக்கும். பயம் கூடக்கூடப் படிப்பும் கூடும். மறுத்துப் பேசினால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளைக் காட்டுவார்கள். 2024 பிளஸ் டூ தேர்வில் 97.45 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலில் வந்த திருப்பூர் மாவட்டத்தைக் காட்டுவார்கள். தறி ஓட்டியவர் மகன் டாக்டர் ஆனதைக் காட்டுவார்கள். காட்டுவதெல்லாம் உண்மை, அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் தப்பு. பயமும் பரிசும் மதிப்பெண்ணைக் கொண்டுவரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்காணிக்கிறவர் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு பிள்ளையிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. மிஞ்சுவதற்குப் பெயர்தான் கற்றல்.

இந்தக் கோட்பாடு நாளெல்லாம் நடைமுறையில் இருக்கும் இடம் விடுதிப் பள்ளி. பள்ளிக்குப் பள்ளி நேரம் மாறும், அமைப்பு மாறாது. விடியும் முன்னே மணி, முகம் கழுவியதும் ஸ்டடி, காலை உணவுக்கு முன்பே ஸ்லிப் டெஸ்ட், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் ஸ்டடி. வாரத் தேர்வின் ரேங்க் நோட்டீஸ் போர்டில் ஏறும். மார்க் இறங்கினால் பிள்ளை 'ஏ' செக்‌ஷனிலிருந்து 'சி' செக்‌ஷனுக்குப் பெட்டியைத் தூக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் வருவார்கள். வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து சோற்றைப் பிசையும்போதே "எத்தனாவது ரேங்க்?" என்ற கேள்வி வந்துவிடும். இந்தப் பள்ளிகளைப் பிடிக்காதவர்கள் 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். கோழி விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்: நாமக்கல் முட்டைக்கோழிக்குப் பேர்போன ஊர், கறிக்கோழி பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தொழில். ஆனாலும் பல்லடத்து ஏற்பாட்டில் ஒன்று இங்கே பொருந்தத்தான் செய்கிறது. குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் கம்பெனி இறக்கும்; பண்ணைக்காரர் வளர்த்துக் கொடுத்துக் கிலோக் கணக்கில் கூலி வாங்குவார். எடை என்ன வரும் என்பது இறக்கிய குஞ்சையும் பொறுத்தது என்று அவருக்குத் தெரியும். பள்ளி விளம்பரத்தைப் பார்க்கிறவர்தான் அதை மறந்துவிடுகிறார்.

பத்தாம் வகுப்பில் 500க்கு 490 எடுத்த பிள்ளைக்குக் கட்டணச் சலுகை கொடுத்து இழுப்பதும், மார்க் குறைந்த பிள்ளைக்குக் கதவைச் சாத்துவதும் இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். உள்ளே வரும்போதே முன்வரிசையில் நிற்கிற பிள்ளை வெளியே போகும்போதும் முன்வரிசையில் நின்றால், நடுவில் கொடுத்த பயம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அதே பள்ளி, அரசுப் பள்ளியில் 250 எடுத்த ஐம்பது பேரைச் சேர்த்து, அதே மணி, அதே ரேங்க் போர்டு, அதே திட்டு என்று நடத்திக் காட்டினால் பேசலாம். சேர்க்க மாட்டார்கள். இதன் மேல் இன்னொரு வித்தையும் இருந்தது. பிளஸ் ஒன் பாடத்தைக் கையில் எடுக்காமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை ஓட்டினார்கள். எந்தப் பாடத்தில் எத்தனை பத்து மார்க் கேள்வி என்று சொல்லும் 'புளூ பிரிண்ட்' இருந்ததால் எதை விடலாம் என்பதும் துல்லியமாகத் தெரிந்தது. இதெல்லாம் நான் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. 2017 மே மாதம், கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே.ஏ. செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தபோது, மாநில ரேங்க் அறிவிப்பையே அரசு நிறுத்தியது. பிளஸ் ஒன் பாடம் நடத்தப்படாமல் போவதைத் தடுக்க 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைத்தது. 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியது. பயம் கற்றலை வளர்க்கும் என்றால், பயத்தில் முதலிடம் பிடித்த பள்ளிகளில் ஓராண்டுப் பாடம் ஏன் காணாமல் போயிற்று? மார்க் கிடைக்காத இடத்தில் பயத்துக்கு வேலை இல்லை என்பதால்தான். டாக்டர் கணக்கும் இப்படித்தான். மருத்துவக் கல்லூரி இடங்கள் எத்தனை என்பதை அரசு முடிவு செய்கிறது, ரேங்க் போர்டு முடிவு செய்வதில்லை. ஒரு பள்ளி நூறு இடத்தைப் பிடித்தால் வேறெங்கோ நூறு பேருக்கு இடம் போகிறது. நாட்டில் டாக்டர் ஒருவர்கூடக் கூடுவதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பழமொழியை விட்டுவிட்டு உளவியலுக்கு வருவார்கள். பரிசு கொடுத்தால் நடத்தை வலுப்படும் என்று பி.எஃப். ஸ்கின்னர் புறாவை வைத்தே நிரூபித்துவிட்டாரே என்பார்கள். ஸ்கின்னர் பெயரைச் சொல்பவர்கள் அவர் சொன்னதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தண்டனையை அவர் ஏற்கவில்லை. அவருடைய ஆய்வுவழியில் வந்த எஸ்டஸ் 1944இல் எலிகளை வைத்துக் காட்டியது இதுதான்: தண்டனை ஒரு பழக்கத்தை அழிப்பதில்லை, தண்டனை இருக்கும் வரை அமுக்கி வைக்கிறது, கை எடுத்ததும் அது திரும்பத் தலைதூக்குகிறது. 1950களில் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போன ஸ்கின்னருக்கு அங்கே உறுத்தியது கண்டிப்புக் குறைவல்ல. போட்ட கணக்கு சரியா தப்பா என்று தெரியாமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போனார்கள். வேகமாக முடித்தவர்கள் சும்மா இருந்தார்கள், திணறியவர்கள் திணறிக்கொண்டே இருந்தார்கள். அதற்காகத்தான் அவர் கற்பிக்கும் எந்திரம் ஒன்றைச் செய்தார். ஒவ்வொரு விடைக்கும் உடனே 'சரி' அல்லது 'தப்பு' என்று சொல்வதும், அவரவர் வேகத்தில் போக விடுவதும்தான் அதன் வேலை. பிள்ளைகளை வரிசைப்படுத்தும் ஏற்பாடு அதில் கிடையாது. ஸ்கின்னரோடு எனக்கு வேறு சண்டைகள் உண்டு. ஆனால் ரேங்க் போர்டுக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பரிசு என்ன செய்கிறது என்பதற்கு 1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்த சோதனை இன்றும் கண்முன் நிற்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். வண்ணப் பேனாவைக் கண்டாலே படம் போட உட்கார்ந்துவிடுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஒரு கூட்டத்திடம், படம் போட்டால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. சில நாள் கழித்துப் பேனாக்களைப் பொதுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பரிசு பேசிப் படம் போட்ட குழந்தைகள் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்கள் தொட்டதில் ஏறக்குறையப் பாதி. விளையாட்டாக இருந்ததைக் கூலி வேலை ஆக்கியதும் கூலி இல்லாத நாளில் அதைச் செய்ய ஆள் இல்லை. இதை ஒட்டியும் வெட்டியும் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. காமரன், பியர்ஸ் இருவரும் 1994இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, பரிசால் பெரிய கெடுதல் இல்லை என்றார்கள். டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 1999இல் 128 சோதனைகளைத் தொகுத்து, முன்கூட்டிப் பேசிக் கொடுக்கும் பொருள் பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது, மனமாரச் சொல்லும் பாராட்டு குறைப்பதில்லை என்று பதில் சொன்னார்கள். இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆர்வமே இல்லாத சலிப்பான வேலைக்கு, வாய்ப்பாடு மனப்பாடம் செய்வது மாதிரியான வேலைக்கு, ஒரு மிட்டாய் கொடுத்தால் குடி முழுகிவிடாது; இல்லாத ஆர்வத்தைக் குறைக்க முடியாதே. ஆனால் இயற்பியலும் உயிரியலும் தமிழும் எல்லாமே வாய்ப்பாடு மாதிரிதான் என்று முடிவுகட்டிப் பதினைந்து வயதுப் பிள்ளையை நடத்தினால், அந்த முடிவு பலித்துத்தான் தீரும்.

பரிசை இன்னும் பெரிதாக்கினால்? ஹார்வர்டு பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர் அதையும் செய்து பார்த்தார். அமெரிக்க நகரங்களில் 200க்கும் மேற்பட்ட பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ரொக்கமாகவே கொடுத்துப் பார்த்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார். தேர்வில் மார்க் எடுத்தால் பணம் என்ற இடத்தில் மார்க் ஏறவில்லை. டாலஸ் நகரத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, புத்தகம் ஒன்றைப் படித்து முடித்தால் இரண்டு டாலர் என்று கொடுத்ததில் ஓரளவு பலன் தெரிந்தது. காரணம்தான் சுவையானது. மார்க்குக்குப் பணம் பேசப்பட்ட பிள்ளைகளிடம், மார்க்கைக் கூட்ட என்ன செய்வாய் என்று கேட்டால், கேள்வியை இன்னொரு தடவை படிப்பேன், விடையைச் சரிபார்ப்பேன் என்றார்கள். தெரியாததை ஆசிரியரிடம் கேட்பேன் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஆசை இருந்தது, வழி தெரியவில்லை. கடைசி ரேங்கில் நிற்கிற நம் பிள்ளையின் நிலையும் அதுதான். அவனுக்குப் பயம் போதாமல் இல்லை. ரசாயனச் சமன்பாடு எந்த இடத்தில் தன் பிடியை விட்டுப் போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை, ரேங்க் போர்டு அதைச் சொல்வதும் இல்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு முகம். விடைத்தாளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மார்க் மட்டும் வாங்கியவர்கள் முன்னேறவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களும் முன்னேறவில்லை. எந்த வகுப்பிலும் விடைத்தாள் கொடுக்கும் நேரத்தில் போய் நின்றால் இது விளங்கும். சிவப்பு மையில் சுழித்த எண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்துப் பிள்ளையின் எண்ணை எட்டிப் பார்ப்பார்கள், தாளை மடித்துப் பைக்குள் திணிப்பார்கள். ஆசிரியர் ஓரத்தில் எழுதிய ஒரு வரி மடிப்புக்குள் போய்விடும்.

மறுதரப்பின் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் ஒன்றை அவர்கள் எடுப்பதில்லை. நானே எடுத்துக் கொடுக்கிறேன். தினமும் தேர்வு வைப்பது நினைவாற்றலுக்கு நல்லது என்று அறிவியலே சொல்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். ஒரு தடவை படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து மூன்று தடவை எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். ஆக, ஸ்லிப் டெஸ்ட் கெட்டது என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தச் சோதனையில் யாருக்கும் ரேங்க் போடவில்லை, யாரையும் 'சி' செக்‌ஷனுக்கு அனுப்பவில்லை, முட்டிபோட வைக்கவில்லை. பலன் வந்தது மறந்ததை மண்டைக்குள் தேடி எடுத்த அந்த வேலையால். பயத்துக்கு அதில் பங்கே இல்லை. விடுதிப் பள்ளி நல்ல மருந்தையும் விஷத்தையும் ஒரே கரண்டியில் ஊட்டிவிட்டு, பிழைத்த பிள்ளையைக் காட்டி விஷத்துக்குப் பெருமை சேர்க்கிறது.

இதற்கு மேல் கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு வாதம் வரும்: நாங்கள் உழைத்து முன்னுக்கு வந்தவர்கள், எங்கள் பிள்ளைகளும் உழைத்துப் பழகட்டும் என்று. திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004இல் வந்த ஆய்வுநூலில், பனியன் கம்பெனி முதலாளிகளான விவசாயக் குடும்பத்து ஆட்கள் தங்கள் வளர்ச்சிக்குச் சொன்ன காரணம் 'உழைப்பு' என்ற ஒரே சொல்தான். அந்தப் பெருமையை நான் குறைக்க வரவில்லை. ஆனால் அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். கட்டிங் மேசையில் நின்றவனுக்கு, துணி வீணானால் அந்த நொடியே தெரியும். கைமடித்தவன் பவர் டேபிளுக்கு மாறியபோது தன் கை எங்கே தேறியது என்று அவனுக்கே தெரிந்தது. கோவையின் வார்ப்படப் பட்டறையில் மண் அச்சைச் சரியாக இடிக்காவிட்டால் வார்ப்பில் ஓட்டை விழும்; லேத்தில் கடைந்த புஷ் ஷாஃப்டில் ஏறும் அல்லது ஏறாது. பட்டறையில் அடி விழவில்லையா என்று கேட்டால், விழுந்தது. சின்னப் பையன்களைச் சுரண்டியதும் நடந்தது, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே தீர்ப்பு சொன்னது இரும்பு. மேஸ்திரியின் கோபம் தணிந்துவிட்டதால் புஷ் ஷாஃப்டில் ஏறிவிடாது. ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டிப் பழகியவர். அவர் மேதை, அவரை வைத்துப் பொதுவிதி சொல்லக் கூடாது என்பது நியாயம். அதனால்தான் பெயர் தெரியாத லேத்காரர்களைப் பற்றிப் பேசுகிறேன். பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர்போன ஊரை உருவாக்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பில் தன் கை தேறுகிறது என்ற உணர்வும், நாளைக்குத் தானே பட்டறை போடலாம் என்ற எண்ணமும் இருந்தன. அவை இரண்டையும் உருவிவிட்டு, நாலரை மணிக்கு எழுவதை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு உழைப்பு என்று பெயர் சூட்டினால், திருப்பூர்க்காரர்தான் முதலில் கோபப்பட வேண்டும்.

இத்தனையிலும் எளிதில் ஒதுக்க முடியாத எதிர்வாதம் ஏழை வீட்டிலிருந்து வருவது. வீட்டில் புத்தகம் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, ஒற்றை அறையில் டிவி ஓடுகிறது. இந்தப் பிள்ளைக்குக் கண்டிப்பான விடுதிதானே ஏணி? உள்ளார்வம், சுதந்திரம் என்பதெல்லாம் வசதியானவர்கள் பேச்சு இல்லையா? இதில் பாதி சரி. குறித்த நேரம், குறித்த இடம், மூன்று வேளைச் சோறு, சந்தேகம் கேட்கக் கூப்பிடு தூரத்தில் ஆசிரியர்: இவை பெரிய உதவிகள், ஏழைப் பிள்ளைக்கு இன்னும் பெரியவை. ஆனால் இவை எதற்கும் பயம் தேவையில்லை. 1930இல் தி.சு. அவிநாசிலிங்கம் தொடங்கிப் பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த இராமகிருஷ்ண வித்யாலயமும் விடுதிப் பள்ளிதான். அங்கும் மணி அடித்தது, ஒழுங்கு இருந்தது, கைத்தொழிலும் பாடமாக இருந்தது. அங்கே தலைமையாசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் குழந்தை மனத்தைப் பற்றித் தமிழில் நூல்களே எழுதினார். ஆகவே இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பேச்சு என்று கோவைக்காரர் யாரும் சொல்ல முடியாது. ஒழுங்கு வேறு, மிரட்டல் வேறு. டெசியும் ரையனும் பேசிய தன்னுரிமைக்குப் பிள்ளையை அவன் போக்கில் விட்டுவிடுவது என்று பொருள் இல்லை. ஏன் செய்கிறோம் என்று சொல்லி, செய்ய வழிகாட்டி, செய்ததில் என்ன தேறியது என்று காட்டுவதும் அதற்குள் அடக்கம். எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ் போட்டதால்தான் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பவர்களுக்கும் இதே பதில்தான். பெயில் போடுவது யாருக்கும் எழுத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ரேங்க்கை ஒழித்த அதே செங்கோட்டையன் காலத்தில்தான் 2019இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்து 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பயத்தின் மேல் உள்ள நம்பிக்கை அவ்வளவு லேசில் போகாது.

மருத்துவப் படிப்புக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்த பிறகாவது நிலைமை தெளிந்திருக்க வேண்டும். 2017இல் பந்தயத்தின் விதி மாறியதும், பிளஸ் டூ புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஒப்பித்த முறை ஒரே ஆண்டில் செல்லாக்காசு ஆயிற்று. உண்மையிலேயே இயற்பியல் கற்ற பிள்ளைக்குக் கேள்வித்தாள் மாறினால் இவ்வளவு இடி விழாது. பள்ளிகள் சளைக்கவில்லை, போர்டை மாற்றி நீட் கோச்சிங் ஆக்கின. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையின்படி, 2020-21இல் தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஒரு தடவை எழுதிப் பிறகு மீண்டும் எழுதியவர்கள். நீட்டுக்கு முந்திய ஆண்டில் அப்படிப்பட்டவர்கள் எட்டில் ஒருவர் அளவுதான். தடி நீண்டது, நாள் கூடியது, கட்டணமும் கூடியது.

பழமொழிக்கே வருகிறேன். மாடு பழக்கத் தெரிந்தவர் புதுக்காளையைத் தனியாகப் பூட்டி அடித்துக்கொண்டிருக்க மாட்டார். பழகிய மாட்டுக்கு ஜோடியாகப் பூட்டுவார். திரும்புகிற இடத்தில் அது திரும்பும், இதுவும் திரும்பும். நுகத்தின் பாரத்தை முதலில் அது தாங்கும். சாட்டை கையில் இருக்கும், ஆனால் படியவைத்தது பக்கத்து மாடு. ரஷ்யாவின் விகோட்ஸ்கி பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: தனியாகச் செய்ய முடியாததைத் தெரிந்தவர் துணையோடு செய்து, பிறகு தனியாகச் செய்வது. ஏரோட்டி செய்ததை விட்டுவிட்டு அவர் கையில் இருந்ததை மட்டும் நாம் பழமொழியாக வைத்துக்கொண்டோம். தடி எதைச் சாதிக்கும் என்பதற்கு, பிள்ளைகளை விட்டுப் பள்ளிகளையே சோதனைக்கு எடுத்துக்கொள்ள இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு என்பது பள்ளிகள் மேல் அரசு ஓங்கிய தடி. கொரோனாவில் விட்டுப்போனதையும் சேர்த்து எட்டுக் கல்வியாண்டு அது ஓங்கியபடியே இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை இறக்கிவிட்டது. உடனே எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இனி மறுபடியும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தமாட்டார்கள். பயமே படிப்பு என்று நம்புகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எட்டு ஆண்டு பயத்தில் பள்ளிகள் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பது இவர்களே கொடுக்கிற வாக்குமூலம். இந்த ஆண்டு விடுதி அலமாரிகளில் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் கட்டுப் பிரிக்காமல் இருக்கிறதா என்று அடுத்த ஞாயிறு தூக்குப்போசியோடு போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.